கைப்பதம்

ஆல்பர்ட் ஊருக்கு வந்து நாலு நாளாகியும் மெஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதில் வேல்பாண்டிக்கு ஒருவகையில் நிம்மதிதான். வந்தால் உட்காரச் சொல்ல வேண்டும். மஸ்கட்டைப் பற்றி விசாரிக்க வேண்டும். வியாழக்கிழமை சர்ச் சாமியார் வந்து ஜெபித்து மந்திரிக்கப்போகும் புது வீட்டுக்கு என்ன பெயிண்ட், என்ன கிரானைட் என்று அவன் சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் வராமல் இருப்பதும் வலித்தது. பெரிய ஆளாகிவிட்டான், இனி இந்தத் தகரக் கொட்டகைக்கு எதற்கு வருவான் என்று நத்தையை அலசிக்கொண்டே நினைத்துக்கொள்வான். வந்தாலும் எரிச்சல், வராவிட்டாலும் எரிச்சல்.

மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூர் போகிற ரோட்டில் வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருந்தது மெஸ். பேர்ப் பலகையில் முனீஸ் மெஸ் என்று மனைவி முனீஸ்வரியின் பெயர். நத்தைக் கறிக்காக உத்தமபாளையம், கோம்பையிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. மூல வியாதிக்காரர்கள் காலையிலேயே வந்து சூப்பு வாங்கிக் குடிப்பார்கள். மத்தியானத்தில் வருகிறவர்கள் நாக்குக்காக வருகிறவர்கள்.

ஐப்பசி பிறந்து இரண்டாம் போகத்துக்குத் தொழி அடித்து வயலைச் சேறாக்கிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் நத்தை புரண்டு மேலே வரும் காலம். நடவுக்குப் போகிற பெண்கள் வரப்போரம் பொறுக்கியதை விடிந்ததும் வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரு பொழுது முழுக்கத் தண்ணீரில் போட்டு மண்ணைக் கக்கவிட்டு, கொதிக்கவைத்து, கோணூசியால் ஒவ்வொன்றாகச் சுழற்றி இழுக்க வேண்டும். வாலில் இருக்கும் கருப்புக் குடலைக் கிள்ளி எறிந்து, தவிட்டைப் போட்டுப் பிசைந்து, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு ஏழு தண்ணீரில் கழுவினால்தான் கொழகொழப்புப் போகும். முனீஸ்வரி பத்து இழுப்பதற்குள் வேல்பாண்டி முப்பது இழுத்துவிடுவான். அவன் கை அப்படி. அந்தக் கையைப் பற்றி அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. அதைத் தவிர வேறு எதைப் பற்றியும் கிடையாது.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை காலையில் ஆல்பர்ட் வந்தான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கையில் துண்டு சுற்றிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. முனீஸ்வரி “வாங்கண்ணே” என்று ஸ்டூலை இழுத்துப்போட்டாள். அவன் உட்காராமல் டப்பாவைத் திறந்து வேல்பாண்டியின் முன்னால் வைத்தான். உள்ளே பழுப்பு நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, காய்ந்து கல்லாகிப்போன பதினெட்டுத் துண்டுகள்.

வேல்பாண்டிக்குத் தொடாமலே தெரிந்தது. அபலோன் என்கிற கடல்நத்தை. மஸ்கட் நாட்டு மிர்பாத் கடல்வாடை அந்த டப்பாவிலிருந்து எழுந்து மெஸ்ஸின் மிளகு வாடையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“வியாழக்கெழம சாமியாரு வாராக. அண்ணன் வீட்டு ஆளுக, மாமனாரு வீட்டு ஆளுக எல்லாம் வாராக. நான் அங்கன என்ன வளக்குறேன்னு இவுக ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு வாயி தின்னு பாக்கட்டும். இத ஆக்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தந்தான் மாப்ள” என்றான் ஆல்பர்ட்.

வேல்பாண்டி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஓரம் வெடிக்காமல், நடு கருக்காமல், நல்ல பாகமாகக் காயவைத்திருந்தது. யார் காயவைத்தது என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. ஆல்பர்ட் தான்தான் என்று சொல்லிவிடுவான் என்று பயம்.

மறுக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் ஊற வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

*

அந்தக் கடற்கரைக்கு முதலில் போனவன் வேல்பாண்டிதான். பதினோரு வருஷமாகிறது. ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்து மலையாளம் பழகியிருந்ததால், பண்ணையின் மலையாளி மேனேஜருக்கு அவனைப் பிடித்துப்போனது. வரிசை வரிசையாகக் கருப்புத் தொட்டிகள். மோட்டார் கடலை உறிஞ்சி அவற்றில் ஊற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே பாதியாக அறுத்த பைப்புகள் கவிழ்ந்து கிடக்க, அவற்றின் அடியில் காது மாதிரி ஒற்றை ஓட்டோடு அபலோன்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கடல்பாசியை அள்ளிப் போட்டால் ஓட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்து வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருதரம் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து, சிறிசு பெரிசு பிரித்து வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். அதுதான் வித்தை. மொண்ணையான பிளாஸ்டிக் தகட்டை, அது அசந்திருக்கும் நேரம் பார்த்து, ஒரே சொருகில் அடியில் விட்டுத் தூக்கிவிட வேண்டும். ஒரு கண்ணிமைப்பு தாமதித்தாலும் உஷாராகி இறுகிவிடும். அப்புறம் ஆள் தொங்கினாலும் வராது. இழுத்தால் சதை கிழியும். கிழிந்தால் முடிந்தது, ஏனென்றால் அதன் ரத்தம் உறையாது. நகக்கீறல் அளவு காயம் போதும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீரோடு தண்ணீராக ஒழுகிக்கொண்டே இருந்து இரண்டு நாளில் செத்துப்போகும்.

வேல்பாண்டி ஒரு மணி நேரத்தில் முந்நூறு எடுப்பான். நத்தை இழுத்த கை. இரண்டு வருஷம் கழித்து, வேலையில்லாமல் திரிகிறான் என்று பள்ளிக்கூடத்துச் சேக்காளியான ஆல்பர்ட்டுக்கு அவன்தான் மேனேஜரிடம் சொல்லி விசா வாங்கிக் கொடுத்தான். தகடு பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். ஆல்பர்ட்டுக்கு வேகம் வரவே இல்லை. மணிக்கு நூறு எடுத்தால் பெரிசு. ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து, அது மனசு வைத்து இளகும்வரை காத்திருப்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் தாய்க்கொட்டகையின் சாவியை மேனேஜர் கொடுத்தது ஆல்பர்ட்டிடம். குஞ்சு பொரிப்பதற்கென்று கடலிலிருந்து எடுத்துவந்த நாற்பது தாய்கள் அங்கே இருந்தன. பண்ணைக்கே உயிர் அதுதான். வேல்பாண்டிக்கு வேகமான கை, சரக்குக்கு அது போதும். தாய்க்குப் பொறுமையான கை வேண்டும் என்று மேனேஜர் மலையாளத்தில் சொன்னார். அதையும் ஆல்பர்ட்டுக்குப் புரியும்படி தமிழில் எடுத்துச் சொன்னவன் வேல்பாண்டி. சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றிலிருந்துதான் சோறு இறங்கவில்லை.

*

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அபலோன் அண்டாவில் ஊறியது. ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் தண்ணீர் மாற்ற வேண்டும். பக்குவம் பார்க்க வருகிறேன் என்று ஆல்பர்ட் தினமும் வந்தான். வந்தவன் முனீஸ்வரியிடம் கதை பேசினான்.

ஆடி ஆவணியில் அந்தப் பாலைவன மலைகள் நம்ம மேகமலை மாதிரிப் பச்சை பிடித்து மஞ்சு இறங்குவதைச் சொன்னான். கடலில் அபலோன் எடுக்க அரசாங்கம் சில நாட்கள் மட்டும் அனுமதிப்பதையும், அந்த நாட்களில் ஊரே கரையில் கூடி நிற்க ஆண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கிப் பாறைக்கடியில் கைவிட்டுத் தேடுவதையும் சொன்னான். ஓட்டின் உள்பக்கம் மயில்கழுத்து நிறத்தில் மின்னும் என்றான். முனீஸ்வரி ஊசியை நிறுத்திவிட்டு வாய்பார்த்துக் கேட்டாள்.

“இம்புட்டு இருக்கா. ஒங்க சேக்காளி அங்கன அஞ்சு வருசம் இருந்தாரு, ஒரு வார்த்த சொன்னதில்லண்ணே. கேட்டா, என்ன பெரிய இது, தொட்டி கழுவுனேன்னு சொல்லுவாரு” என்றாள்.

வேல்பாண்டி அண்டாவுக்கு மேல் குனிந்திருந்தான். அந்த மஞ்சை முதலில் பார்த்தவன் அவன். அந்தக் கரையில் ஆல்பர்ட்டைக் கூட்டிப்போய் நிறுத்தியவன் அவன். எல்லாம் தன்னுடையது, தன் வாயால் சொல்ல முடியாமல் கசந்துபோயிருந்ததை இவன் வந்து சர்க்கரை மாதிரி எடுத்துத் தன் பெண்டாட்டிக்கு ஊட்டுகிறான். ஊறியதை அரைகுறையாக நிறுத்திவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. செருப்புத்தோல் மாதிரி வேகும். சாமியாரும் மாமனாரும் மென்று மென்று இலையோரம் துப்புவார்கள். ஆனால் கை கேட்கவில்லை. தண்ணீர் மாற்றும் நேரம் வந்ததும் தானாக எழுந்து மாற்றியது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இந்தக் கை வேறு மாதிரி நடந்துகொண்டது.

அன்று காலையில் ஆல்பர்ட் தாய்களைத் தனியாளாக வேறு தொட்டிக்கு மாற்றியிருந்தான். உடம்பெல்லாம் உப்பு. மத்தியானம் எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். “பாத்துக்க மாப்ள, குளிச்சிட்டு வந்துர்றேன்” என்று சாவியை வேல்பாண்டியின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். வேல்பாண்டி உள்ளே போனான். பைப்பு அறுக்கிற கத்தி இடுப்பில் இருந்தது. முதல் தொட்டியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. சதையின் ஓரத்தில் நூல் அளவுக்குக் கீறினான். நீலம் கலந்த மாதிரி ஏதோ தண்ணீரில் கசிந்து, பார்ப்பதற்குள் கரைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சில தாய்கள் செத்துத் தொட்டியடியில் கிடந்தன. எத்தனை என்று வேல்பாண்டி உள்ளே போய்ப் பார்க்கவில்லை. மேனேஜர் ஆல்பர்ட்டை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேல்பாண்டி வெளியே பாசி அள்ளிக்கொண்டே காத்திருந்தான். சாவி அன்றைக்குத் தன் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தான். ஆல்பர்ட் சிவந்த கண்ணோடு வெளியே வந்தான். சாவி அவன் கழுத்திலேயே தொங்கியது. உள்ளே என்ன நடந்ததென்று அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து இடுப்பு வலி என்று சொல்லி வேல்பாண்டி ஊருக்கு வந்துவிட்டான்.

*

வியாழக்கிழமை விடிந்ததும் புது வீட்டின் பின்கட்டில் அடுப்பு மூட்டினான். புளிய விறகு. தீ எரியக் கூடாது, கனிய வேண்டும். இஞ்சியைத் தட்டிப் போட்டு, ஊறிய அபலோனை மண்சட்டியில் தண்ணீர் மூழ்க வைத்து, கொதி வராமல் ஓரம் மட்டும் நடுங்கும்படி ஆறு மணி நேரம் காத்தான். முனீஸ்வரியும் ஆல்பர்ட்டின் மனைவி பிலோமினாவும் ஆட்டுக்கறிக்கும் பிரியாணிக்கும் ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். உள்ளே சாமியார் ஜெபம் சொல்லி அறை அறையாகத் தீர்த்தம் தெளிக்கும் சத்தம் கேட்டது.

ஒரு மணிக்கு ஊசியை விட்டுப் பார்த்தான். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. வெற்றிலைக் கனத்துக்குச் சீவி, இருப்புச்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயமும் கருவேப்பிலையும் வதக்கி, நுணுக்கிய மிளகைத் தூவி இரண்டே புரட்டு. பதினெட்டும் சேர்ந்து ஆளுக்கு நாலைந்து சீவல்தான் வந்தது. வாயில் வைத்துப் பார்த்தான். பல்லுக்கு ஒரு சின்ன எதிர்ப்பு, அப்புறம் கரைந்து ஓர் இனிப்பு. இதற்கு மேல் யாராலும் ஆக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

பந்தியில் சாமியார் ஒரு சீவலை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆல்பர்ட்டின் அண்ணன் அமிர்தராஜ், பள்ளிக்கூட வாத்தியார், காளானும் இல்லை, மீனும் இல்லை, இது என்ன ருசி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாரும் ஆல்பர்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆல்பர்ட் கொண்டுவந்தது, ஆல்பர்ட் வளர்த்தது. ஆக்கியவன் இவன் என்று ஆல்பர்ட் கை நீட்டிக் காட்டத்தான் செய்தான். அவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் ஆல்பர்ட் பக்கமே திரும்பிக்கொண்டார்கள்.

இத்தனை அருமையான பொருளை உன்னை நம்பி எப்படி ஒப்படைத்தார்கள் என்று சாமியார் கேட்டார். அதற்குத்தான் ஆல்பர்ட் அந்தக் கதையைச் சொன்னான். புதுசாகப் பொறுப்புக் கொடுத்த கொஞ்ச நாளில் சில தாய்கள் செத்துப்போனதையும், மேனேஜர் யார் வேலை என்று கேட்டதையும் சொன்னான்.

“அன்னைக்குக் காலைல நாந்தான் எல்லாத்தையும் மாத்துனேன் சாமி. வேற யாரும் தொடல. அதுனால என் கைதான் பட்டுருக்கும், என்னய ஊருக்கு அனுப்பிருங்கன்னு சொன்னேன். அவரு, இத்தன வருசத்துல தப்ப ஒத்துக்கிட்ட மொத ஆளு நீதான், போயி மிச்சத்தப் பாருன்னுட்டாரு. அன்னைலருந்து ஒவ்வொண்ணையும் தொடுறதுக்கு முன்னாடி என் கைய நானே பயந்துதான் பாப்பேன்.”

தவறை ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று சாமியார் சொன்னார். அமிர்தராஜ் தம்பியின் முதுகில் கை வைத்தார். பாயசவாளியோடு நின்ற முனீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கண்ணீரைத்தான் வேல்பாண்டியால் தாங்க முடியவில்லை. வீடு போகட்டும், சாவி போகட்டும், கதைகள் போகட்டும். இது அவன் செய்தது. அவன் கத்தி. அதற்கும் இந்தப் பயல் மாலை வாங்குகிறான்.

பந்தி முடிந்து பின்கட்டுக் குழாயில் கை கழுவ ஆல்பர்ட் வந்தபோது வேல்பாண்டி அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“ஏலே ஆல்பர்ட்டு. அது ஒன் கை இல்ல.”

“எது?”

“தாய்ங்கள வெட்டுனது. நாந்தான். நீ சாவியக் குடுத்துட்டுக் குளிக்கப் போனேல்ல, அப்ப.”

ஆல்பர்ட் குழாயை மூடினான். “தெரியாமப் பட்டுருச்சா?”

“தெரிஞ்சுதான்.”

“எத்தன?”

“மூணு.”

ஆல்பர்ட் ஈரக் கையைத் துடைக்கவும் இல்லை, உதறவும் இல்லை. சொட்டச் சொட்ட நின்றான். வேல்பாண்டி அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் பட்டது.

“இத்தன வருசம் கழிச்சு இப்ப எதுக்குச் சொல்ற?”

“மனசு கேக்கல.”

“மனசு கேக்கலன்னா போன லீவுக்கு வந்தப்பச் சொல்லிருப்ப. அதுக்கு மொத லீவுல சொல்லிருப்ப. இன்னைக்கு நாலு பேரு என்னய நல்லவன்னாக. அது ஒனக்குப் பொறுக்கல.” ஆல்பர்ட்டின் குரல் உயரவே இல்லை. “தப்பக்கூட எங்கிட்ட விடமாட்டேங்குற மாப்ள.”

அவன் உள்ளே போய்விட்டான். அவன் போன வாசலில் முனீஸ்வரி காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

*

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் பத்தடி முன்னாலேயே நடந்தாள். வெள்ளியும் சனியும் வழக்கம்போலக் கடை நடந்தது. நத்தை வந்தது, வெந்தது, விற்றது. அவள் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள். சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கோணூசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“சாவிய அவுகளே ஒங்க கையில குடுத்தாகளா?”

“ம்.”

அவள் எழுந்து அவனுக்கு எதிரிலிருந்த தன் பலகையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்பர்ட் கொச்சி விமானத்துக்குப் போகிற வேன் மெஸ் எதிரே வந்து நின்றது. பிலோமினா மட்டும் இறங்கினாள். கழுவித் துடைத்த இருப்புச்சட்டியையும் மண்சட்டியையும் பெஞ்சில் வைத்தாள். முனீஸ்வரியிடம் சொல்லிக்கொண்டு, வேல்பாண்டி பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, அவுக ஒண்ணு சொல்லச் சொன்னாக. செத்தது மூணு இல்லயாம், நாலாம். ஒண்ணு அவுக கைதானாம். இப்பிடிச் சொன்னா ஒங்களுக்கு வெளங்கும்னாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

வேல்பாண்டி தவிட்டுக் கையோடு எழுந்தான். ரோட்டைத் தாண்டி வேனின் முன் ஜன்னலுக்குப் போனான். ஆல்பர்ட் கண்ணாடியை இறக்கினான். கண்ணுக்கடியில் கருத்திருந்தது. நடவுப் பெண்கள் வரப்பில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“நாலாவது எங்கன கெடந்துச்சு?” என்று வேல்பாண்டி கேட்டான்.

“கடைசித் தொட்டில. இருந்ததுலயே பெரிசு.”

“நான் அந்தத் தொட்டிப் பக்கமே போகல.”

“தெரியும்” என்றான் ஆல்பர்ட். “அத எடுக்கும்போது இழுத்துச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும். அத வச்சுத்தான் மிச்சத்தையும் நாந்தான்னு நெனச்சேன்.”

பிலோமினா ஏறிக்கொண்டாள். கண்ணாடி பாதி ஏறியபடியே நின்றது. வேன் பாலம் ஏறிக் கம்பம் ரோட்டுக்குத் திரும்பும் மட்டும் வேல்பாண்டி அங்கேயே நின்றான். பழகிய அந்த எரிச்சல் கிளம்பியது. ஆனால் எதற்காக என்று பார்த்தபோது, வேனும் இல்லை, வீடும் இல்லை. தன் கையில் செத்த ஒன்றுக்காக ஆறு வருஷமாக ஒருவன் பயந்து பயந்து வேலை செய்திருக்கிறான். மூன்றைக் கொன்றவனுக்கு ஒருநாள்கூடக் கை நடுங்கியதில்லை.

பின்னால் வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. நத்தை வந்துவிட்டது. முனீஸ்வரி அவனைக் கூப்பிடாமல் தானே இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் கொட்டினாள்.